கையறிவும் கருத்தறிவும்: யப்பானிய எண்சட்டக் கல்வி எழுப்பும் ஓர் அறவினா

1946ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி ரோக்கியோ நகரிலுள்ள அரங்கொன்றில் விந்தையான போட்டியொன்று நடைபெற்றது. உலகப் போரில் யப்பான் தோல்வியுற்று ஓராண்டு சற்றே கழிந்திருந்த காலம் அது. அமெரிக்கப் படையினரின் பத்திரிகை ஒழுங்குசெய்த அப்போட்டியில் ஒருபுறம் தோமஸ் நேதன் வூட் என்னும் அமெரிக்கப் படைவீரர் மின்சாரத்தால் இயங்கும் கணிபொறியொன்றுடன் அமர்ந்திருந்தார். மறுபுறம் அஞ்சல் அமைச்சின் சேமிப்புப் பிரிவில் எழுதுவினைஞராயிருந்த கியோஷி மட்சுசாக்கி, மரச்சட்டத்தில் மணிகள் கோத்த 'சொரொபன்' என்னும் எண்சட்டத்துடன் அமர்ந்திருந்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், இவை யாவுங் கலந்த கணக்கு என ஐந்து சுற்றுக்கள். பெருக்கலில் மாத்திரம் பொறி வென்றது. ஏனைய நான்கிலும் மணிச்சட்டமே வென்றது.

தோற்ற நாடொன்றுக்கு இவ்வெற்றி அளித்த ஆறுதலை எவரும் குறைகூற முடியாது. ஆயினும், அப்போட்டி எந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு நடந்தது என்பது சிந்திக்கற்பாலது. மனிதன் பொறியோடு போட்டியிட்டது பொறிக்கே உரிய குணமான விரைவில்தான். விரைவின் பொருட்டு ஒருவன் போற்றப்படின், அவனினும் விரைவான பொறி தோன்றும் நாளில் அப்போற்றுதலுக்கு என்ன நேரும்? அந்நாள் நெடுந்தொலைவில் இருக்கவில்லை. 1957இல் கசியோ நிறுவனம் மின்கணிபொறியொன்றை வெளியிட்டது. 1972இல் அதே நிறுவனம் 12,800 யென் விலையில் விற்ற சிறு கணிப்பான் சாதாரண குடும்பங்களின் மேசையை வந்தடைந்தது. 1970களின் இறுதியில் ஷார்ப் நிறுவனம் ஒரே சட்டத்தில் ஒரு பக்கம் மின்கணிப்பானும் மறுபக்கம் மணிகளும் அமைந்த கருவியொன்றைச் செய்து விற்றது. புதியதை நம்பத் துணியாமலும் பழையதை விட மனமில்லாமலும் தவித்த ஒரு தலைமுறையின் நிலைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

சொரொபன் யப்பானில் தோன்றியதன்று. சீனரின் 'சுவான்பான்' என்னும் சட்டமே கடல் கடந்து சென்று அங்கு வேரூன்றியது. சீனச் சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே இரண்டும் கீழே ஐந்துமாக மணிகள் இருந்தன. யப்பானியர் மேலிருந்த ஒன்றையும், பிற்காலத்தில் கீழிருந்த ஒன்றையும் நீக்கினர். 1930களில் பாடசாலைகளில் இடம்பெறத் தொடங்கிய இன்றைய வடிவில் மேலே ஒரு மணி, கீழே நான்கு மணிகள். மேல்மணி ஐந்தைக் குறிக்கும். கீழ்மணி ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். தேவையற்ற ஒரு மணிதானும் அதில் இல்லை.

1627இல் யோஷிதா மித்சுயோஷி எழுதிய 'ஜின்கோகி' என்னும் நூல் சொரொபன் கணக்கை யப்பானிய மக்களிடையே பரப்பியது. எலிகள் மாதந்தோறும் பெருகும் கணக்குப் போன்ற வேடிக்கைப் புதிர்களும் அதில் இருந்தன. எடோ காலத்துச் சிற்றூர்ப் பள்ளிகளான 'தெராகொயா'க்களில் வாசிப்பு, எழுத்து, சொரொபன் என்னும் மூன்றுமே கல்வியெனக் கருதப்பட்டன. வணிகனின் மகன் கடையில் அமர வேண்டும். உழவனின் மகன் வரிக்குரிய நெல்லை அளக்க வேண்டும். அங்கே எண்சட்டக் கல்வியின் நோக்கம் பற்றி எவரும் ஐயுறத் தேவை இருக்கவில்லை. அதே காலத்தில் செக்கி தகாகசு போன்ற கணித அறிஞர்கள் தமது உயர்ந்த சமன்பாட்டு ஆராய்ச்சிகளுக்குச் சொரொபனையன்றிக் கணக்குக் குச்சிகளையும் எழுத்தையுமே துணைக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. சொரொபன் கணிப்பதற்குரிய கருவியாயிருந்தது. கணிதஞ் சிந்திப்பதற்குரிய கருவியாக அது அவர்களாற் கொள்ளப்படவில்லை.

இனி, குழந்தையொன்று இக்கருவியில் என்ன செய்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். நான்குடன் மூன்றைக் கூட்ட வேண்டுமெனில், கீழே மூன்று மணிகள் எஞ்சியிரா. எனவே ஐந்தின் மணியை இறக்கி, இரண்டு மணிகளை நீக்க வேண்டும். ஒன்பதுடன் எட்டைக் கூட்டுவதாயின் இரண்டை நீக்கி, இடப்புறக் கம்பியிற் பத்துக்குரிய ஒரு மணியை ஏற்ற வேண்டும். ஐந்துக்கும் பத்துக்கும் நிரப்பிகளாக அமையும் சில சோடி எண்களைக் கைவசப்படுத்தினால் எத்துணைப் பெரிய கூட்டலும் இயலும். இதிலுள்ள அழகு மறுக்க முடியாதது. எட்டு என்பது பத்தினும் இரண்டு குறைந்தது என்னும் உண்மை இங்கே கண்ணுக்கும் விரலுக்கும் புலனாகின்றது. ஆயின், பயிற்சி இத்துடன் நிற்பதில்லை. இந்த உண்மையைக் குழந்தை ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்த்தால் விரல் தாமதிக்கும். எனவே நினைவு இல்லாமலே விரல் இயங்கும் நிலை வரும்வரை பயிற்சி தொடர்கின்றது. முதலில் விளங்கிக்கொண்டதைப் பின்னர் விளக்கமின்றிச் செய்யப் பழக்குவதே இங்கு கற்பித்தலாகின்றது.

அடுத்த படியில் சட்டமே அகற்றப்படுகின்றது. 'அன்சான்' எனப்படும் மனக்கணிதத்தில் குழந்தை இல்லாத சட்டத்தை உள்ளத்திற் கண்டு இல்லாத மணிகளை நகர்த்துகின்றது. இவ்வகுப்புக்களைக் கண்டோர், சிறுவர்களின் விரல்கள் வெறும் மேசையின்மீதும் காற்றிலும் துடிப்பதைக் கண்டிருப்பர். யப்பானிய உளவியலாளர் கியோ ஹத்தானோவும் பிறரும் 1977இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்தேர்ச்சியின் இயல்பை ஆராய்ந்தது. கைதேர்ந்தோர் சட்டத்திற் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே கணக்கோடு தொடர்பற்ற எளிய கேள்விகளுக்கு விடையளித்தனர். அதனால் அவர்களுடைய வேகமும் குறையவில்லை, பிழையும் மிகவில்லை. ஆனால் இடையே வேறொரு கணக்கைக் கேட்டபோது இடர்ப்பட்டனர்.

வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கக் கை கணக்கை முடிக்கின்றது. அவ்வாறாயின் கணக்கிட்டவர் யார்? மெய்யியல் மாணாக்கர் எவரையும் இவ்வினா எளிதில் விட்டுவிடாது.

பிளேற்றோ 'பீட்ரஸ்' என்னும் உரையாடலில் எகிப்தியத் தெய்வமான தேயுத் பற்றிய கதையொன்றைச் சோக்கிரதீசின் வாயிலாகக் கூறுகின்றார். தேயுத் எழுத்தைக் கண்டுபிடித்து அரசனிடம் கொண்டுசெல்ல, அது மறதியையே வளர்க்கும் என அரசன் அதனை ஏற்க மறுக்கின்றான். அதே தேயுத் எண்ணையும் கணிப்பையும் கூடக் கண்டுபிடித்தவன் என்று கதை கூறுவதைப் பலர் கவனிப்பதில்லை. புறத்தே உள்ள குறிகளை நம்பினால் அகத்தே உள்ள நினைவு கெடும் என்பது அரசனின் குற்றச்சாட்டு. அன்சான் பயின்ற குழந்தை இக்குற்றச்சாட்டைத் தலைகீழாக்கிவிடுகின்றது. அக்குழந்தை புறக்கருவியை அகத்தே குடியேற்றிவிட்டது. அதனிடமிருந்து சட்டத்தைப் பறித்தாலும் கணக்கைப் பறிக்க முடியாது. மின்கணிப்பானோடு ஒப்பிடுமிடத்து இஃது உண்மையான மேன்மையே. எனினும் அகத்தே குடியேறியது அறிவா, அன்றிக் கருவி மட்டுந்தானா என்பது தனி வினா.

கில்பர்ட் றைல் 1949இல் வெளியிட்ட தமது நூலில், ஒன்று இன்னதென அறிதலையும் ஒன்றைச் செய்ய அறிதலையும் வேறுபடுத்தினார். செய்ய அறிதலை அவர் தாழ்த்தவில்லை. அறிவுடைய செயலின் பின்னே தனியாக ஓர் எண்ணம் ஒளிந்திருந்து அதை இயக்க வேண்டியதில்லை என்பதே அவர் வாதம். இவ்வளவில் அவர் சொரொபன் ஆசிரியர்களின் நண்பராகவே தோன்றுவார். ஆனால் அவர் அங்கேயே இன்னொரு கோட்டையும் கீறுகின்றார். திரும்பத் திரும்பச் செய்வித்து உண்டாக்கும் பழக்கம் வேறு. பயின்றவன் தன் செயலைத் தானே கண்டித்துத் திருத்திக்கொள்ளும் தேர்ச்சி வேறு. முன்னையது அறிவை வேண்டாததாக்குகின்றது, பின்னையது அறிவை வளர்க்கின்றது. பெருக்கல் வாய்பாட்டை மனனஞ் செய்வதை அவர் முன்னைய வகையிலேயே சேர்த்தார்.

இதே வேறுபாட்டைப் பிற்காலத்தில் ஹத்தானோவும் கண்டார். 1986இல் கயோகோ இனகாக்கியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் தேர்ச்சியை இரு வகையாகப் பிரித்தார். பழகிய வேலையைப் பிழையின்றி விரைவாகச் செய்யும் வழக்கத்தேர்ச்சி ஒன்று; புதிய நிலைமை தோன்றும்போது முறையையே மாற்றியமைக்க வல்ல இசைவுத்தேர்ச்சி மற்றொன்று. எண்சட்ட வல்லுநரை அவர் முதலாவது வகைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். தம் நாட்டின் பெருமைக்குரிய கலையொன்றை அந்நாட்டு அறிஞரே இவ்வாறு மதிப்பிட்டமை அவருடைய நேர்மையைக் காட்டும். வெளிப்பரிசும் அவசரமும் மிகும் இடத்தில் "இது ஏன் இவ்வாறு?" எனக் கேட்டுப் பார்க்கும் துணிவு குன்றுகின்றது என்பதும் அவர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று.

பௌதிகவியலாளர் றிச்சட் பெயின்மன் 1985இல் வெளிவந்த தமது நினைவுநூலில் விவரிக்கும் நிகழ்ச்சியொன்று இதற்கு உரைகல்லாகும். பிரேசில் நாட்டு உணவகமொன்றில் எண்சட்ட வணிகரான யப்பானியர் ஒருவர் அவரோடு போட்டியிட்டார். கூட்டலில் வணிகர் எளிதாக வென்றார். பெருக்கலிலும் அவரே முந்தினார். வகுத்தலில் இருவரும் சமமாயினர். பின்னர் 1729.03 என்னும் எண்ணின் கனமூலம் கேட்கப்பட்டது. ஒரு கனவடியில் 1728 கனவங்குலங்கள் உண்டு என்பது பெயின்மனுக்கு நினைவிலிருந்தது. ஆகவே விடை பன்னிரண்டினும் மிகச் சிறிதே கூடியது என அவர் உடனே கண்டு, 12.002 என எழுதினார். வணிகரோ முறைப்படி முயன்று களைத்துப்போனார். அந்த வணிகருக்கு எண்கள் நகர்த்தப்பட வேண்டிய பொருள்கள். பெயின்மனுக்கு அவை அண்டை அயலோடு உறவுடையவை. தற்செயலாக அமைந்த அந்த 1729 என்னும் எண், கும்பகோணத்திற் பயின்ற இராமானுசன் நோய்ப்படுக்கையில் இருந்தபடியே, இரு கன எண்களின் கூட்டாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ஹார்டியிடம் கூறிய அதே எண்ணாகும். தோழனைப் போல எண்ணோடு பழகுதல் என்பது எத்தகையது என அறிய விரும்புவோர்க்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஆயினும் இந்நிகழ்ச்சியைக்கொண்டு தீர்ப்பெழுதுதல் நீதியன்று. கதையைச் சொல்பவர் வென்றவர். தோற்றவரின் பக்கம் எழுதப்படவில்லை. பெயின்மன் உலகறிந்த மேதை, மற்றவர் உணவகத்திற் சரக்கு விற்க வந்தவர். மேலும், விளக்கம் முதலில் வர வேண்டும், வடிவம் பின்னர் வரலாம் என்பதே ஒரு முற்கோள். யப்பானியக் கலைகள் இதனை ஏற்பதில்லை. தேநீர்ச் சடங்காயினும் வாட்பயிற்சியாயினும் 'கத்தா' என்னும் வடிவத்தை முதலில் உடலாற் கற்று, பொருளைப் பின்னரே மாணாக்கன் உணர வேண்டும் என்பது அவர்தம் மரபு. தமிழ் மாணாக்கருக்கு இது புதுமையன்று. இராகமென்றால் என்னவென்று அறியாமலே குழந்தை சரளி வரிசை பாடுகின்றது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் அவ்வாறே ஓதப்பட்டது. நீதியான செயல்களைச் செய்தே நீதிமானாகிறோம் எனக் கூறிய அரிஸ்டோட்டிலும், பழக்கம் அறிவுக்கு முந்தும் என்பதை ஒப்புக்கொண்டவரே.

இந்த எதிர்வாதம் வலுவுடையது. ஆனால் அதுவே தனக்குரிய நிபந்தனையையும் உடன்கொண்டு வருகின்றது. சரளி வரிசை அடுத்த வாயிலுக்கு இட்டுச் செல்கின்றது; வரிசையோடு நின்றுவிட்டவனை எவரும் பாடகன் என்பதில்லை. எடோ காலத்துச் சிறுவனின் சொரொபனும் கடைக்கும் வயலுக்கும் இட்டுச் சென்றது. இன்று ஆறேழு வயதுக் குழந்தையின் சொரொபன் எதற்கு இட்டுச் செல்கின்றது?

பிரச்சினையின் மையம் இங்கேதான் உள்ளது. கணிப்பான் வந்தபின் சொரொபன் தன் பயனை இழந்தது. பயனை இழந்த கருவியொன்று அமைதியாக நூதனசாலைக்குச் செல்வதே வழக்கம். சொரொபனோ தனக்கு வேறொரு பயனைத் தேடிக்கொண்டது. கணக்கிடுவதற்கு அன்று, மூளையை வளர்ப்பதற்கு என்று சொல்லப்பட்டது. நினைவாற்றல் பெருகும், மனம் ஒருமைப்படும், மூளையின் இரு பாதிகளும் சேர்ந்து இயங்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் கூறின. 1990கள் முதல் மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் இவ்வகுப்புக்கள் வணிக முறையிற் பரவின, இலங்கையும் விலக்கன்று. வழி தன் முடிவை இழந்தபின் புதியதொரு முடிவைக் கண்டுபிடித்தல் தன்னளவிற் குற்றமாகாது. அம்பெய்தல் போர்க்களத்தை விட்டு விளையாட்டரங்குக்கு வரவில்லையா? அம்பெய்பவர் எவரும் இன்று நாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பதே வேறுபாடு. புதிதாகச் சொல்லப்படும் முடிவு மெய்யானதா என்பதே கேள்வி.

ஆய்வுகள் இதற்குத் தெளிவான விடையளிக்கின்றன. ஹத்தானோவும் கெய்கோ ஒசாவாவும் 1983இல் மனக்கணிதத்தில் உச்சநிலை எய்தியோரைச் சோதித்தனர். சாதாரண மனிதர் ஏறத்தாழ ஏழு இலக்கங்களை ஒருமுறை கேட்டு நினைவிற்கொள்ள, இவர்கள் பதினைந்து வரையிலான இலக்கங்களை நினைவிற்கொண்டனர். ஆனால் எழுத்துக்களையோ பழங்களின் பெயர்களையோ கூறியபோது அவர்களும் சாதாரண மனிதரே ஆயினர். உள்ளத்துச் சட்டத்தில் எண்ணுக்கு இடமுண்டு, மாம்பழத்துக்கு இடமில்லை. 2016இல் டேவிட் பார்னரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இதனினும் விரிவானது. குசராத்தின் வடோதராவில் இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகளை மூன்றாண்டுகள் அவர்கள் அவதானித்தனர். ஒரு பகுதியினர் மன எண்சட்டம் பயின்றனர். மற்றப் பகுதியினர் அதே அளவு நேரத்தை வழக்கமான கணிதத்திற் செலவிட்டனர். எண்சட்டம் பயின்றோர் எண்கணிதத்தில் முன்னேறினர்; இது மெய். ஆனால் பொதுவான அறிவாற்றல் எதுவும் அப்பயிற்சியாற் பெருகவில்லை. அதுமட்டுமன்று, இடஞ்சார் நினைவாற்றல் தொடக்கத்திலேயே நன்கு அமைந்திருந்த குழந்தைகளே இம்முறையால் அதிகம் பயன் பெற்றனர். பயிற்சியின் விளைவெனக் காட்டப்படும் ஆற்றல் பல வேளைகளில் அதன் முன்தேவையாக இருந்திருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, மேடையில் ஒரு குழந்தை மின்னல் வேகத்தில் விடை சொல்வதைக் காட்டி மற்றொரு குழந்தையின் பெற்றோரிடம் "உங்கள் பிள்ளையின் மூளையும் இவ்வாறு வளரும்" எனக் கூறுதல் உண்மைக்குப் புறம்பானது. மனிதரை ஒருபோதும் வெறும் வழியாக மாத்திரம் கொள்ளாது முடிவாகவும் கொள்ள வேண்டும் என்றார் கான்ற். மேடைக் குழந்தை இங்கே யாருக்கு வழியாகின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வளர்ந்தவர் ஒருவர் ஏமாற்றப்படின் இழப்பு அவருடையது. இங்கோ உறுதிமொழி பெற்றோருக்கு அளிக்கப்படுகின்றது. விலையைக் குழந்தை தன் மாலைப்பொழுதுகளாற் செலுத்துகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக ஏற்கெனவே தனியார் வகுப்புக்களுக்கு அலையும் பத்து வயதுப் பிள்ளைகளுள்ள நாட்டில் மாலைப்பொழுது மலிவான பண்டமன்று.

இவ்வாறு கூறுவதால் மாலைப்பொழுதை விளையாட்டுக்கு மட்டுமே விட வேண்டும் என்பதில்லை. ஜோன் ஸ்ருவட் மில் மூன்று வயதிற் கிரேக்கங் கற்கத் தொடங்கியவர். மாலைவேளைகளில் தந்தையிடம் கற்ற எண்கணிதம் தமக்குக் கசந்ததைத் தமது சுயசரிதையில் மறைக்காது கூறுகின்றார். எனினும் தமக்கு அளிக்கப்பட்டது திணிப்புக் கல்வி அன்று என்றும் அவரே வாதிடுகின்றார். சிந்தித்துக் கண்டுபிடிக்கக்கூடிய எதனையும், தாமாகவே முயன்று ஓயும்வரை தந்தை சொல்லிக்கொடுத்ததில்லையாம். கடுமை மட்டும் ஒரு கல்வியைத் தீதாக்குவதில்லை. சொரொபன் வகுப்பில் மகிழ்ச்சி காணும் குழந்தைகளும் உண்டு. மணிகள் ஒலிக்க, விடை சரியாக வரும் கணத்தின் இன்பத்தை, அதற்குப் பயன் இல்லை என்பதாற் பொய்யெனக் கூற முடியாது. பயன் கருதாது ஒன்றில் மகிழ்தலே குழந்தைப் பருவத்தின் உரிமையெனலாம். அம்மகிழ்ச்சிக்காகவும், எண்கணிதத்தில் மெய்யாகவே கிடைக்கும் முன்னேற்றத்துக்காகவும் இவ்வகுப்புக்கள் நடைபெறுமாயின், அவ்வளவே கூறி நடைபெறுமாயின், அவற்றை ஆட்சேபிக்கக் காரணமில்லை.

ஆனால் வகுப்பின் உள்ளே இன்னொரு சிக்கல் எஞ்சுகின்றது. அதனை விளம்பரத்தின்மீது சுமத்த இயலாது. யப்பானிய ஆரம்பப் பாடசாலைகளின் பாடத்திட்டத்தில் மூன்றாம், நான்காம் தரங்களில் சொரொபன் இன்றும் இடம்பெறுகின்றது. அங்கு ஒதுக்கப்படும் நேரம் மிகச் சில மணித்தியாலங்களே. விரைவு அங்கு குறிக்கோளன்று. ஒன்றும் பத்தும் நூறும் இடத்தால் வேறுபடுவதைக் குழந்தை விரலால் உணர்ந்தாற் போதும். தனியார் சொரொபன் பள்ளிகளிலோ தரவரிசை உண்டு. 'கியூ' எனப்படும் படிகளில் ஏறி முதலாம் கியூவைக் கடந்தபின் 'தான்' என்னும் உயர்படிகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு படியும் குறித்த நேரத்துள் முடிக்க வேண்டிய பரீட்சை.

ஒன்பதுடன் எட்டைக் கூட்டும்போது ஏன் இரண்டை நீக்குகிறோம் என்று ஏழு வயதுச் சிறுமி கேட்கின்றாள் என வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மணிகளை நிறுத்திவிட்டு அதனை அவளோடு ஆராயலாம். பத்து என்னும் அடியை விட்டு எட்டை அடியாகக் கொண்டால் மணிகளை எவ்வாறு மாற்றிக் கோக்க வேண்டும் என்றுகூட அவளைக் கேட்கலாம். அரை மணித்தியாலம் கழிந்துவிடும். அந்த மாதப் பரீட்சையில் அவள் ஒரு படி பின்தங்கவும் கூடும். வாயிலில் காத்திருக்கும் தாய், இன்று எத்தனை கணக்குச் செய்தாய் என்றே கேட்பாள். ஆசிரியரும் இதனை அறிவார். அவருடைய வகுப்பில் அடுத்த மாதம் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அத்தாயின் மதிப்பீட்டிலேயே தங்கியுள்ளது. ஆகவே பெரும்பாலும் அவர் "இப்பொழுது செய், பிறகு விளங்கும்" என்கிறார். கத்தாவின் மரபில் அது மெய்யாகவும் இருக்கக்கூடிய விடை. ஆனால் அம்மரபில் 'பிறகு' என்பதற்கு ஓர் ஆசானும் ஒரு வாழ்நாளும் இருந்தன. இவ்வகுப்பிலோ சிறுமி பன்னிரண்டு வயதில் இடைநிலைப் பாடசாலை அனுமதிப் பரீட்சைக்காகச் சொரொபனை விட்டு விலகிவிடுவாள். அவளுடைய கேள்விக்கு விடை சொல்ல அப்போது எவரும் அவளருகில் இருக்கப்போவதில்லை.